அத்தியாயம் 4: இடுப்பிலிருந்து கால்விரல் வரை

உங்கள் வலது கால் பெருவிரலின் நுனியை லேசாகத் தொடுங்கள். தொட்டது தெரிகிறதா? தெரிந்தால், அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஓடிய உயிரணுவின் ஒரு முனை, நீங்கள் தொட்ட தோலுக்கு அடியில் இருக்கிறது. அதன் உடல் இருப்பதோ இடுப்புக்குப் பின்னால், முதுகுத்தண்டின் ஓரத்தில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர். இடையில் வேறு எந்த உயிரணுவும் சேதியை வாங்கிக் கைமாற்றுவதில்லை. விரல் நுனி முதல் முதுகு வரை ஓடுவது ஒரே ஓர் உயிரணு.

கண்ணுக்குத் தெரியாத பருமன், ஒரு மீட்டர் நீளம். இப்படி ஓர் உயிரணு எப்படிப் பிழைக்கிறது, எதனால் பட்டுப்போகிறது, பட்டுப்போகும் முன் என்னென்ன அறிகுறி காட்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். வீட்டில் யாருக்கேனும் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஒருவரும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர்.

உயிரணு பிழைக்கும் விதம்

வளர்ந்த மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடியும், அதன் இடத்துக்குப் புதியது வரும். குடலின் உட்சுவரில் இருப்பவை சில நாட்களிலேயே உதிர்ந்துவிடும். நரம்பணுவுக்கு அந்த வசதி இல்லை. தாய் வயிற்றில் உருவானதுதான் எண்பது வயதிலும் கூட இருக்கிறது. அது செத்தால் அந்த இடத்துக்கு மாற்று வராது.

எல்லா உயிரணுவையும் போல நரம்பணுவையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த வேறுபாட்டால் சவ்வின் இரு பக்கமும் சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. விரலைத் தொட்டதும் தோலுக்கு அடியில் உள்ள முனையில் நுண்ணிய துளைகள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னேற்றம் நொடிப்பொழுதில் தலைகீழாகிறது. அந்த மாற்றம் பக்கத்துப் பகுதியைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, சேதி மேலே ஏறுகிறது. நரம்பின் பேச்சு இவ்வளவுதான். சுடுகிறது, குத்துகிறது, அரிக்கிறது என்பதெல்லாம் எந்த நரம்பு பேசியது, எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்பப் பேசியது என்பதை வைத்து மூளை புரிந்துகொள்வது.

உள்ளே பாய்ந்த சோடியத்தை மறுபடி வெளியேற்றியாக வேண்டும். சவ்வில் உள்ள புரதங்கள் இரவும் பகலும் செய்வது இந்த வேலையைத்தான். உடலில் மிகச் செலவு பிடிக்கும் வேலைகளில் இது ஒன்று. மூளையின் எடை உடல் எடையில் 2 விழுக்காடுதான்; உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலிலோ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நீங்கள் தூங்கும்போதும் அந்தச் செலவு நிற்பதில்லை.

இந்த ஆற்றல் பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து வருகிறது. சோறு, தோசை, ரொட்டி சானாய் எதுவானாலும் குடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் சேர்கிறது. உயிரணுவுக்குள் போன குளுக்கோஸ் முதலில் இரண்டு துண்டாகிறது. இதில் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்னும் உறுப்புக்குள் போய் ஆக்சிஜனோடு எரிந்தால்தான் முழு ஆற்றலும் கிடைக்கும். உள்ளே போனதும் அவற்றை எரிப்பதற்கு ஆயத்தமாக்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி1 வேண்டும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானவர்களை முடக்கிய நோய் இந்த ஒரு படியில் ஏற்பட்ட அடைப்பு.

ஒரு மீட்டர் நீளத்தின் விலை

நரம்பணுவுக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை அதன் உடலில்தான் தயாராகின்றன. கால்விரல் முனைக்கு வேண்டியதும் இடுப்பருகே தயாராகி, இழைக்குள்ளேயே பயணம் செய்து கீழே வர வேண்டும். வேகமாகப் போகும் சரக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் நகரும். விரலை அடைய மூன்று நான்கு நாட்கள் ஆகலாம். மெதுவாகப் போகும் சரக்கு, அதாவது இழையின் சட்டத்தையே தாங்கும் புரதங்கள், ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். அவை பாதத்தை எட்ட மாதக்கணக்கில் ஆகும், சில ஒரு வருடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் விநியோகம் குறையும்போது குழாயின் கடைசியில் இருக்கும் வீட்டில்தான் தண்ணீர் முதலில் நிற்கும். நரம்பிலும் அப்படித்தான். ஆற்றல் குறைந்தாலும், இரத்தம் குறைந்தாலும், நஞ்சு ஏறினாலும் முதலில் காய்வது மிக நீளமான இழையின் கடைசி முனை, அதாவது கால்விரல். இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கும். அங்கிருந்து காலுறை போட்டதுபோல் மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் கைவிரல்களில் தொடங்கும், ஏனென்றால் கைக்குப் போகும் நரம்பின் நீளம் அவ்வளவுதான். ஒரு காலில் மட்டும், அல்லது தொடையில் தொடங்கிக் கீழே இறங்கும் மரமரப்பு வேறு வகை. முதுகெலும்பு நரம்பை அழுத்துகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டியது அது.

நரம்பிழைகள் எல்லாம் ஒரே தரமும் இல்லை. தடித்த இழைகளைச் சுற்றிக் கொழுப்புறை உண்டு, அவற்றில் சேதி நொடிக்கு 50 மீட்டருக்கு மேலும் பாயும். சூட்டையும் எரிச்சலையும் சுமக்கும் மெல்லிய இழைகளுக்கு உறை கிடையாது, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் அவை ஓடும். வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் இடித்தது தெரிந்து, சுருக்கென்று ஒரு வலி வந்து, ஒரு விநாடி கழித்து எரிச்சல் பரவுவது இந்த வேக வேறுபாட்டால்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நோய் வரும்போது மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் தனித்தனியே கெடும். சூடு தெரியாதவருக்குத் தொடுவது தெரியலாம். "கை வைத்தால் தெரிகிறதே" என்று சொல்பவர், கொதிநீரில் கால் வைத்துப் புண்ணாக்கிக்கொள்ள முடியும்.

புழுங்கல் அரிசியும் கோலாலம்பூரும்

1900-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரு நோயாய்வுக் கூடம் தொடங்கப்பட்டது. இன்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாக நாம் அறிவது அதைத்தான். அன்று அதன் முன் நின்ற பெரிய கேள்விகளில் ஒன்று பெரிபெரி. பாதத்தில் மரமரப்பாகத் தொடங்கும், கால் வலுவிழக்கும், சிலருக்கு உடல் வீங்கி இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை அது கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதே நாட்டில், தோட்டத்து லயங்களில் அதைவிட மேலான வாழ்வு ஒன்றும் வாழாத தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தமிழர்களை வாட்டின, பெரிபெரி மட்டும் விலகி நின்றது.

கிருமியா, மண்ணா, இனமா என்று மருத்துவர்கள் மோதிக்கொண்டிருந்தபோது, நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த பிராடன் என்ற மருத்துவர் உணவைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் அவ்வப்போது வீட்டிலேயே குத்திய அரிசியை உண்டார்கள், அவர்களுக்கும் நோய் குறைவு.

இதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடத்தில் உள்ள ஏதோ ஒன்றுதான் காரணமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, நடுவில் இரு பிரிவினரையும் வார்டு மாற்றினார். ஓராண்டு முடிவில், ஒவ்வொரு பக்கமும் சுமார் 120 பேர் இருந்த அந்தச் சோதனையில், பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது. நம் நரம்பைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பகுதி, பெயர் எழுதி வைக்கப்படாத அந்த மனிதர்களின் உயிர் கொடுத்தது. அதை அறிந்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜெலெபுவின் காட்டுப்பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதித்து இதே முடிவை உறுதி செய்தார்கள். காக்கும் பொருள் தவிட்டில் இருக்கிறது என்றும் காட்டினார்கள். அது பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கும். நெல்லைப் புழுக்கிய நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் தெரியாது, ஆனால் அவர்களின் பழக்கம் கடல் கடந்து வந்து தோட்டத்துத் தமிழர்களின் நரம்பைக் காத்தது. பி1-ஐ 1936-இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய இராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

புழுங்கல் அரிசிக்காரர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது பி1 தரும், இனிப்பு நீரைத் தடுக்காது. பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரை ஏற்றும், அவ்வளவே. வாழை இலைக் கடையில் இரண்டாம் முறை சோறு வாங்கினால் அந்தச் சிறு லாபமும் போய்விடும்.

பி1 பற்றாக்குறை இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. சம்சு போன்ற மலிவான மதுவைச் சாப்பாடு இல்லாமல் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அது வருகிறது. குடல் பி1-ஐ உறிஞ்சுவதையே மது குறைத்துவிடும். அப்படிப்பட்டவர் கால் மரத்துப்போகிறது என்றாலோ, நடை தள்ளாடிப் பேச்சு குழம்பினாலோ போதை என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பி1 ஊசி அவருடைய மூளையைக் காப்பாற்றக்கூடும்.

இனிப்பு நீர் நரம்பை என்ன செய்கிறது

பெரிபெரியில் சர்க்கரை இருந்தும் அதை எரிக்க முடியவில்லை. இனிப்பு நீரில் நடப்பது வேறு. தசையும் கொழுப்பும் இன்சுலின் சொன்ன பிறகுதான் குளுக்கோஸைப் பெரிய அளவில் உள்ளே எடுக்கும். நரம்பு இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறும். மிஞ்சியதன் ஒரு பங்கு சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாக மாறி உள்ளேயே தங்கும், அந்த மாற்றத்தில் நரம்பின் தற்காப்புப் பொருட்களும் தீர்ந்துபோகும். அதே சமயம் நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழல்களின் சுவர் தடித்து வழி அடைபடும். உள்ளே நஞ்சு, வெளியே பட்டினி. ஒரு மீட்டர் இழையின் கடைசி முனை இதை அதிக நாள் தாங்காது.

முதலில் இரவில் பாதம் எரியும். ஊசி குத்துவதுபோல், எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். போர்வை பட்டால்கூட வலிக்கும். பலர் இதைக் "காத்து" என்று சொல்லிச் சூடான எண்ணெய் தேய்க்கிறார்கள், ஃபார்மசியில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்காது. அவற்றில் பல, இனிப்பு நீரால் ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நரம்பு வலிக்கென்றே அமிட்ரிப்டிலின், கபாபென்டின், டுலாக்சிடின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். இரவில் எரிகிறது, இரண்டு பாதமும், விரலில் தொடங்கியது என்று சொல்லுங்கள்.

சில ஆண்டுகளில் சிலருக்கு அந்த எரிச்சல் தானாகவே நின்றுபோகும். அப்பா "இப்போ பரவாயில்லை" என்பார், வீடே நிம்மதி அடையும். எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் கவலை தரும் இடம் இதுதான். சர்க்கரை கட்டுக்குள் வராமலே எரிச்சல் நின்றால், அது குணமானதால் நின்றிருக்க வாய்ப்புக் குறைவு. சேதி சொல்ல அங்கே நரம்பு முனை மிச்சமில்லாமல் போயிருக்கலாம். செருப்புக்குள் கிடக்கும் கல், விரலிடுக்கில் வந்த புண், ஆணிக்கால் தோலுக்கு அடியில் கோத்த சீழ் எதுவும் இனி தெரியாது. காலை வெட்டும் அளவுக்குப் போன பல கதைகளின் தொடக்கம் இப்படி வலிக்காத ஒரு சிறு புண்.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில்

பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நடப்பவர்கள் தரையில் பதித்த மேடுகோட்டு ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் பார்வையற்றவர்கள் பலர் அந்தப் பகுதியில் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அந்தக் கோடுகளை அவர்கள் கைத்தடியால் மட்டுமல்லாமல் உள்ளங்காலாலும் படிக்கிறார்கள். பிரெய்ல் எழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர் உயரம், அடுத்த புள்ளிக்கு உள்ள இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்தறிய முடிவது, விரல் நுனியில் தொடுநரம்பு முனைகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான். முதுகில் அதே எழுத்தை வைத்தால் ஒன்றும் புரியாது.

இனிப்பு நீரால் பார்வை போனவருக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. விழித்திரையின் நுண்குழல்களைக் கெடுத்த அதே சர்க்கரை விரல் நுனியையும் மரக்கச் செய்திருக்கலாம். பார்வைக்கு மாற்றாக விரல் வர வேண்டிய வயதில் விரலும் தயங்கும். கண் பரிசோதனையையும் பாதப் பரிசோதனையையும் ஆண்டுதோறும் சேர்த்தே செய்யச் சொல்வது இதனால்தான்.

வீட்டில் செய்யும் சோதனை

கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. வீட்டில் கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்தது. மகளோ மருமகனோ செய்யலாம், இரண்டு நிமிடம் போதும்.

பெரியவரைக் காலை நீட்டி உட்கார வைத்து, சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் காலில் தொடுவது தெரிகிறதோ அதை "வலது" அல்லது "இடது" என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரல் நுனியால் வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஒவ்வொன்றின் நுனியையும் ஒன்றிரண்டு விநாடி மட்டும் தொடுங்கள். இறகு பட்டதுபோல் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. பதில் வராவிட்டால் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. தெரியவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள். "இப்போ தெரியுதா அப்பா?" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் சோதனை கெட்டுவிடும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தின் காப்புணர்வு போய்விட்டது என்று கொள்ள வேண்டும். அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே காட்டுங்கள்.

காப்புணர்வு போனவரின் பாதத்தைத் தினமும் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், விரலிடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பாதம் மட்டும் வலியில்லாமல் வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடந்து போகவும் விடாதீர்கள்.

சூடு, கல், வெள்ளம்

சூட்டை நாம் வலியாக உணரத் தொடங்குவது சுமார் 43 டிகிரியில். அதை உணரும் புரதமும் மிளகாய்க் காரத்தை உணரும் புரதமும் ஒன்றே. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நண்பகல் வெயிலில் தார்ச் சாலை 50 டிகிரியைத் தாண்டும். நல்ல நரம்புள்ளவர் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவார். மரத்த பாதம் அங்கேயே நின்று வெந்துபோகும்.

தைப்பூசத்தை வைத்து இதை நேராகப் பேச வேண்டும். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரையிலான வெறுங்கால் நடையும், 272 படிகளும், வேறு கோயில் திருவிழாக்களில் தீமிதியும் நம் நேர்த்திக்கடன்கள். அலகு குத்திய பக்தர் வலியின்றி நடப்பதைக் காட்டி, "நம்பிக்கை இருந்தால் காலுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர் விஷயம் வேறு. ஆழ்ந்த ஒருமுகப்பாட்டில் மூளையே முதுகுத்தண்டுக்கு ஆணையிட்டு வலிச்சேதியை அடக்குகிறது. அதற்கு முழு நரம்பு மண்டலமும் நலமாக இருக்க வேண்டும். அவருடைய தோலுக்கு இரத்தம் போகிறது, புண் ஆறும். இனிப்பு நீரில் மரத்த பாதத்தில் இரத்த ஓட்டமும் புண் ஆறும் திறனும் குறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் விடியும் முன் நடந்து, வெயில் ஏறும் முன் முடிக்கட்டும். வெறுங்காலோடோ காலுறையோடு மட்டுமோ நடக்காமல், மூடிய காலணி அணியட்டும். தீமிதி வேண்டவே வேண்டாம். நேர்த்தியை வேறு வகையில் செலுத்துவது பற்றிக் கோயில் குருக்களிடம் கேளுங்கள். முருகன் கால் கேட்கவில்லை.

பூங்காக்களில் உள்ள கூழாங்கல் நடைபாதை காலுக்கு நல்லது என்று காலையில் பலர் நடக்கிறார்கள். மரத்த காலுக்கு அது புண் தரும் பாதை. வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. குளிக்கும் நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

செலிப்பார் ஜெபுன் எனப்படும் ரப்பர்ச் செருப்பு, பெருவிரல் இடுக்கை அறுக்கும், ஆணி ஏறினால் துளைக்கும், கழன்று விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. முன்பக்கம் மூடிய, அகலமான, பின்பட்டை உள்ள காலணி வாங்குங்கள். பாதம் லேசாக விரிந்திருக்கும் மாலை நேரத்தில் போய் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மக்கள் இருண்ட நீரில் நடந்து வெளியேறினார்கள். வெள்ளம் வரும் பகுதியில் இருந்தால், மரத்த பாதம் உள்ளவருக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை மருந்துப் பையோடு எடுத்து வையுங்கள். நீரிலிருந்து வெளியே வந்ததும் முதலில் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீர் சிறு கீறல் வழியாகவும் நோயைப் புகுத்தும்.

சொல்லாமல் வேலை செய்யும் நரம்புகள்

இதயத் துடிப்பு, வியர்வை, செரிமானம், சிறுநீர், ஆண்மை எல்லாவற்றையும் நம்மைக் கேட்காமலே நடத்தும் நரம்புகள் உண்டு. இனிப்பு நீர் இவற்றையும் விடாது. எழுந்து நின்றதும் கண் இருட்டுவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, தாம்பத்தியத்தில் தளர்ச்சி எல்லாவற்றுக்கும் இது காரணமாகலாம். கூச்சப்படாமல் சொன்னால் வைத்தியம் உண்டு.

இரண்டு மட்டும் உயிர் விஷயம். இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வரலாம். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி வந்தால் 999-ஐ அழையுங்கள். மற்றது சர்க்கரை இறங்குவது. இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் படபடப்பும் வியர்வையும் எச்சரிக்கும். நரம்பு கெட்டவருக்கு அந்த எச்சரிக்கை வராமலே போகலாம், நேராகக் குழப்பமும் மயக்கமும்தான். ஃபெடரல் ஹைவேயில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வண்டி ஓட்டும் முன் சர்க்கரை பார்க்கும் பழக்கம் அவருக்குத் தேவை. இறங்கினால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியது

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் மருத்துவரும் மருந்தும் கிடைக்கும். எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும்; சிவப்பணுவின் 120 நாள் ஆயுளில் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. மலேசிய வழிகாட்டுதலின்படி 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் இனிப்பு நீர். 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவிலும் கனடாவிலும் இளம் வயதில் இனிப்பு நீர் வந்த 1,441 பேரில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்புச் சேதம் 60 விழுக்காடு குறைந்தது. நடுவயதில் வரும் வகையில் பலன் இவ்வளவு பெரிதில்லை. அதில் எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை எல்லாம் சேர்ந்து நரம்பைக் கெடுப்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும். கடையில் தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங் கேட்பது இதில் எளிதான தொடக்கம்.

அறுந்த நரம்பிழை வளர்ந்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். இனிப்பு நீரில் அதுவும் மெதுவாகும். ஆகவே மூன்று மாதம் நன்றாக இருந்தும் மரமரப்பு போகவில்லையே என்று மருந்தை விட்டுவிடாதீர்கள். இருக்கும் நரம்பு கெடாமல் நிற்பதே முதல் வெற்றி.

இனிப்பு நீருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் எளிதில் குறையும். பி12 பற்றாக்குறையும் பாதத்தை மரக்கச் செய்யும், எல்லாரும் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடுவார்கள். இது மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யக்கூடியது. பி12 அளவு பார்க்க முடியுமா என்று நீங்களாகவே கேளுங்கள், ஆனால் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய பொடி எது எடுத்தாலும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உள்ளே கூட்டம் அதிகம், மருத்துவருக்கு நேரம் குறைவு. பாதத்தைப் பார்க்க அவர் மறந்துவிடலாம். அதனால் உங்கள் எண் வரும் முன்பே, வெளியே நாற்காலியில் இருக்கும்போதே, அப்பாவின் காலணியையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.